கவசத்தைப் படிக்கக் கற்பிக்கும் நூல்

போர்க்கருவிகளைப் பற்றிய நூல்களுள் பெரும்பாலானவை வென்றவரையும் தோற்றவரையும் பற்றிப் பேசுவன. கருவியைச் செய்தவனைப் பற்றிப் பேசுவன சிலவே. ஜப்பானியக் கவசங்களில் ஈடுபாடு கொண்ட அன்பர்கள் பல நாடுகளிலும் போற்றும் ஒரு நூல் இந்தச் சிலவற்றுள் ஒன்று. ‘சூக்கோ கச்சூ செய்சாகுபென்’ என்பது அதன் பெயர். முற்காலக் கவசங்களைச் செய்யும் முறை பற்றிய விளக்கம் என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆசிரியர் சகாகிபாரா கோசான். நூல் வெளிவந்தது 1800-ஆம் ஆண்டில்.

1615-இல் ஒசாகாக் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் 1637-38-இல் நிகழ்ந்த ஷிமபாராக் கிளர்ச்சியைத் தவிர, ஜப்பானில் நெடுங்காலம் பெரும்போர் நிகழவில்லை. ஆதலால் கோசான் காலத்துச் சாமுராய்களுக்குக் கவசம் ஊர்வலத்திற்குரிய அணியாகிவிட்டது. பழமையின் அழகை நாடி, போர்க்களத்திற்கு ஒவ்வாத கவசங்களைச் செல்வர் செய்வித்தனர். இப்போக்கைக் கண்டிக்கவே கோசான் எழுதினார்.

பழைய கவசம் ஒரே தகட்டால் ஆனதன்று. இரும்பாலும் கெட்டித்தோலாலும் சிறு செதில்களைச் செய்து, அவற்றை வரிசையாகக் கோத்து, மரப்பாலிலிருந்து எடுத்த மெருகைப் பூசுவர். பின்னர் அவ்வரிசைகளைப் பட்டுக் கயிறுகளால் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவர். கண்ணைப் பறிக்கும் இவ்வேலைப்பாட்டின் குறைகளைக் கோசான் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். நெருங்கிய கயிறுகள் மழைநீரை உறிஞ்சிக் கனக்கும், விரைவில் உலரமாட்டா, குளிர்காலத்தில் உறைந்தும் போகும். உட்புகுந்த சேறு எவ்வளவு கழுவினும் முற்றும் நீங்காது. நெடும் படையெடுப்பில் கவசம் நாற்றமெடுக்கும், எறும்பும் பேனும் அதில் குடிபுகும், அணிந்தவன் நோயுறுவான். எதிரியின் ஈட்டியும் வழுக்கி விலகாமல் கயிற்றில் சிக்கிக்கொள்ளும்.

1543-இல் போர்த்துகீசியர் வழியாகத் தனேகாஷிமாத் தீவில் துப்பாக்கி அறிமுகமாயிற்று. படைகளும் பெருகின. அகன்ற இரும்புத் தகடுகளும் இடைவெளி விட்டுக் கட்டிய கயிறுகளும் கொண்ட கவசங்கள் அந்நூற்றாண்டில் பரவின. அவையே கோசானுக்கு முன்மாதிரி. அவரும் அக்காலத்திற்கு இருநூறு ஆண்டு பிற்பட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் கைத்தொழிலின் நுட்பங்களை இவ்வளவு நிரல்படச் சொன்னவர் சிலரே.

செய்முறை அறிவு இல்லாதபோது நேரும் பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1613-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் ஜான் சாரிஸ் ஜப்பான் சென்றார். அவர் வாயிலாக ஷோகன் தோகுகாவா ஹிதெதாதா, மன்னர் முதலாம் ஜேம்சுக்குக் கவசங்களைப் பரிசாக அனுப்பினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே லண்டன் கோபுரத்தில் இருந்த கவசத்தின் பிறப்பிடம் மறந்துபோயிற்று. அது மொகலாயப் பேரரசர் அனுப்பியது என்றனர். மொகலாயர் காலத்துக் கவசமோ பெரும்பாலும் இரும்பு வளையங்களைக் கோத்து, இடையிடையே தகடுகளை இணைத்துச் செய்தது. வேலைப்பாட்டைப் படிக்கத் தெரிந்தவர் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளார்.

கோசானின் நூலை வாகமேடா என்பவர் 1912-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதைப் பதிப்பித்து 1963-இல் வெளிவரச் செய்தவர் ரஸ்ஸல் ராபின்சன். அவர் பணியாற்றியது அதே லண்டன் கோபுரத்து ஆயுதசாலையில் என்பது குறிப்பிடத்தக்கது. ஜப்பானிய மொழி அறியாத அன்பர்களுக்கும் அதனால் வழி திறந்தது. செதில்கள் தனித்தனியே கோத்தவையா, அல்லது ஒரே தகட்டின் விளிம்பை வெட்டி, மெருகைத் தடிப்பாகப் பூசிச் செதில்போலத் தோன்றச் செய்தவையா என்று பார்க்க அவர்கள் கற்றனர். பட்டுக் கயிறு காலப்போக்கில் நைந்துபோவதால் பழைய கவசத்திலும் புதுக் கயிறு இருக்கக்கூடும் என்பதையும் அறிந்தனர்.

டில்லியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திலும் ஹைதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் நம் நாட்டுப் படைக்கலங்கள் உள்ளன. அவ்வூர்களில் வாழும் நேயர்கள் அடுத்தமுறை அங்குச் செல்லுங்கால், இதை அணிந்த மன்னர் யார் என்பதோடு நில்லாமல், இதைக் கோத்தவன் எவ்வாறு கோத்தான், மழையில் இது என்னவாகும் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.