குடிநோயிலிருந்து மீள வழிகாட்டிய சாந்தி ரங்கநாதன்

முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் 1979-ல் குடிநோயால் இறந்தபோது அவருக்கு வயது 33. அவரது மனைவி சாந்தி துக்கத்தோடு முடங்கிவிடவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் போதை மீட்பு மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயரில் சென்னையில் அறக்கட்டளை தொடங்கினார். அதுவே அடையாறு இந்திரா நகரின் டிடிகே மருத்துவமனையாக வளர்ந்தது.

குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய். அங்கே சிகிச்சை இந்தப் புரிதலில்தான் தொடங்குகிறது.

குடியைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பும் வரும். அதனால் முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பு அவசியம். உடல் தேறிய பிறகே ஆலோசகரின் வேலை சூடுபிடிக்கிறது. எந்த நேரத்தில், யாரோடு இருக்கையில், எந்த மனநிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்று நோயாளியோடு உட்கார்ந்து அலசுகிறார். சம்பள நாள், சொந்தக்காரர் கல்யாணம், மனைவியோடு சண்டை என ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழியை இருவரும் சேர்ந்தே யோசிக்கிறார்கள்.

குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. கணவருக்குப் பதிலாக அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, அவர் வாங்கிய கடனை ரகசியமாக அடைப்பது போன்றவை நோயை நீடிக்கவே செய்கின்றன என்பதை மனைவிமார் இங்கே தெரிந்துகொள்கிறார்கள்.

அறக்கட்டளையினர் நகரத்தோடு நின்றுவிடாமல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலும் முகாம் நடத்தி, ஊராரின் உதவியோடு அங்கேயே சிகிச்சை கொடுத்தார்கள். 1992-ல் சாந்திக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடியிலிருந்து மீண்டவர்கள் பலர் இன்று இத்துறையில் ஆலோசகர்களாகப் பணியாற்றுகிறார்கள்.