சனி இப்போ எந்த ராசியில இருக்கு? மாமாவும் பஞ்சாங்கமும் மங்கள்யானும்

இன்னைக்கு எபிசோடு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் சண்டையில ஆரம்பிக்குது.

எங்க மாமா, அம்மாவோட அண்ணன், மணமேல்குடியில இருக்கார். ரிட்டயர்டு வாத்தியார். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இஸ்ரோ ராக்கெட் விடுகிற நாளில் டிவி முன்னால் இல்லாமலும் பார்க்க முடியாது. கவுன்ட்டவுன் ஆரம்பிச்சா வீட்ல மிக்ஸி கூட ஓடக் கூடாது. "சாமி கும்பிடுறவன்தான்டா நிலாவுக்கு ராக்கெட் விட்டான். சாமி இல்லைன்னவன் இன்னும் மைக்குல பேசிக்கிட்டிருக்கான்." இதுதான் அவர் அரசியல், கலாசாரம், டெக்னாலஜி எல்லாம்.

2022 ஜூன்ல 'ராக்கெட்ரி' படத்துக்கான ஒரு நிகழ்ச்சியில், செவ்வாய்க்கு விண்கலம் அனுப்ப இஸ்ரோவுக்குப் பஞ்சாங்கம் உதவியதாக நடிகர் மாதவன் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இணையமே கலாய்த்தது. அப்படிச் சொன்னது தன் அறியாமை என்று அவரே பிறகு ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். ஆனா மாமா அந்தப் பேச்சை மட்டும் பெருமையாக ஃபார்வர்டு பண்ணினார். நான் பதிலுக்கு ஒரு மீம் போட்டேன். அவர் குரூப்பை விட்டே போயிட்டார். அதுக்கப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் "சாப்பிட்டியா?" தாண்டி பேச்சு இல்லை. சின்ன வயசுல மொட்டை மாடியில படுக்க வைச்சு எனக்கு நட்சத்திரம் காட்டினதே அவர்தான். அது உறுத்திக்கிட்டே இருந்தது. அதனால கொஞ்சம் ஒழுங்கா படிச்சேன்.

மாமா எங்கே சரி, எங்கே தப்பு?

முதலில் மாமா பக்க நியாயம். செவ்வாய்க்கு நினைத்த நாளில் கிளம்ப முடியாது. பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வரணும். அது சுமார் 780 நாளுக்கு, அதாவது 26 மாதத்துக்கு ஒரு முறைதான் அமையும். இந்தச் சுழற்சி நம் பழைய வானியலுக்கு நன்றாகவே தெரியும். செவ்வாய் ஒரு சுற்று முடிக்க 687 நாள் என்ற கணக்கை சூரிய சித்தாந்தம் கிட்டத்தட்ட சரியாகவே வைத்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்த ஆட்களுக்கு அது பெரிய சாதனை.

ஆனா பஞ்சாங்கம் சொல்வது திசை மட்டும்தான். பூமியிலிருந்து பார்த்தால் கிரகம் எந்த ராசியில், எத்தனை பாகை, எத்தனை கலையில் தெரியும் என்று சொல்லும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. ஒரு பாகைக்கு 60 கலை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சேர்ந்தபோது அது இங்கிருந்து 20 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அந்தத் தூரத்தில் ஒரே ஒரு கலை பிசகினால் சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஒன்பது செவ்வாய்க் கிரகங்களை வரிசையாக அடுக்கும் இடம் அது! அதனால்தான் பெங்களூருக்குப் பக்கத்தில் பயலாலுவில் இருக்கும் 32 மீட்டர் ஆண்டெனா மாதிரியானவை மூலம் ரேடியோ சிக்னல் அனுப்பி, விண்கலத்தின் தூரத்தையும் வேகத்தையும் திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

சரி, பஞ்சாங்கமாவது திசையைச் சரியாகச் சொல்கிறதா? எந்தப் பஞ்சாங்கம் என்பதைப் பொறுத்தது.

இரண்டு பஞ்சாங்கம், ஒரே வானம்

நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு இருக்கின்றன. நம்ம பாஷையில் சொன்னால் வாக்கியம் ஒரு லுக்-அப் டேபிள். சந்திரன் பூமிக்கு நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்க 27.55 நாள் ஆகும். ஒன்பது முறை வந்தால் 248 நாள். அந்த 248 நாளுக்கும் 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எழுத்துகளுக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கும். மனப்பாடம் செய்துவிட்டால் போதும், ஓலையே வேண்டாம்.

இது எவ்வளவு தூரம் வேலை செய்தது? 1825-இல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரிப் பக்கத்தில் சோழிகளைத் தரையில் பரப்பிச் சந்திர கிரகணம் கணித்த ஒரு தமிழரைப் பற்றி எழுதினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் 52 நிமிடம். காகிதம், பேனா எதுவும் இல்லாமல்!

பிரச்சினை, பழைய டேபிளை யாரும் அப்டேட் பண்ணாதபோது வருகிறது. சந்திரன் ஒரு நாளில் சுமார் 13 பாகை ஓடும். ஒரு பாகை பிழை என்றால் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். சனி ஆமை. ஒரு ராசியின் 30 பாகையைக் கடக்கச் சுமார் 30 மாதம். ஆக, ஒரு பாகை பிழை ஒரு மாதமாக வீங்கும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போனது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான் என்று அறிவித்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷ இடைவெளி.

டெலஸ்கோப்பும் திருமண்ணும்

இந்தச் சண்டை புதுசு இல்லை. மெட்ராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தபோது, அதை நம்மூர் மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார்.

அவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தச் சொன்னார். திருத்திய பஞ்சாங்கத்தை அவரே வெளியிட்டார். இது வெள்ளைக்காரனிடம் கற்ற பழக்கமும் இல்லை. கேரளத்தில் பரமேஸ்வரர் பல பத்து வருஷம் கிரகணங்களைப் பார்த்துக் கணக்கைத் திருத்தி 1431-இல் எழுதிய நூலின் பெயரே 'திருக்கணிதம்'. திருக் என்றால் பார்வை. கண்ணால் பார்த்துச் சரிசெய்த கணிதம்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. நானும் மாமாவும் மரபா அறிவியலா என்று மோதிக்கொண்டிருந்தோம். மரபுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்திருக்கிறது. ஒன்று, தாத்தா சொன்ன விடையைக் காப்பாற்றுவது. இன்னொன்று, தாத்தா விடை கண்டுபிடித்த முறையைக் காப்பாற்றுவது. ஃபார்வர்டு முதல் கட்சி. யோசிச்சுப் பார்த்தா, என் மீமும் அப்படித்தான். எதையும் சரிபார்க்காமல் யாரோ செய்ததை எடுத்துப் போட்டேன்.

கிரகண ராத்திரி

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. முழுச் சந்திர கிரகணம். மணமேல்குடிக்குப் போனேன். மாமா சாயங்காலமே சாப்பிட்டு முடித்திருந்தார். நான் கூப்பிட்டதும் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்.

ஸ்பரிசம் இரவு 9:57 என்றார். சரியாக அப்போதே ஓரம் மங்க ஆரம்பித்தது. 11 மணிக்கு நிலா முழுசாகச் செம்பு நிறம். வெளிச்சம் அடங்கியதும், கடல் பக்கம், நிலாவுக்குக் கிழக்கே சனி பளிச்சென்று தெரிந்தது.

"மாமா, சனி இப்ப எந்த ராசி?"

"கும்பம்தான். பெயர்ச்சி இன்னும் ஆகல."

கணக்கைச் சொன்னேன். ஆவணி 22. சூரியன் சிம்மத்தில் சுமார் 21 பாகையில். கிரகணம் என்பதால் சந்திரன் நேர் எதிரே, கும்பத்தில் 21 பாகையில். கும்பம் முடிய இன்னும் 9 பாகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை.

மாமா கையை நீட்டினார். நிலாவிலிருந்து ஒரு முஷ்டி வைத்தார். சனி அதையும் தாண்டி நின்றது. மறுபடி அளந்தார். கிட்டத்தட்ட ஒன்றரை முஷ்டி.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கோயிலுக்கு நான் அவங்க சொல்ற நாள்லதான் போவேன் மாப்ள. அது ஊர் கூடுற நாள். ஆனா இது மீனம்தான்" என்றார்.

கிரகணத்தை ஊரே பார்க்கும்; தப்பாகச் சொன்னால் அன்றிரவே மாட்டிக்கொள்வோம். சனியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதனால் அதன் பிழை வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஃபார்வர்டுகளுக்கும் அதே கதைதான்.

மாமா இப்போ குரூப்புக்குத் திரும்பிட்டார். ஃபார்வர்டு நிற்கவில்லை. போன வாரம் கூட ஒன்று வந்தது. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சரியான்னு பாத்துச் சொல்லு."

பார்த்துக்கிட்டிருக்கேன். உங்க வீட்டு மாமா என்ன அனுப்பினார்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.