காதுக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு



"தலைக்குள்ள கட்டி" என்று டாக்டர் சொன்னதும் நம்மவர் மனம் மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் ஓடுகிறது. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி, 2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. ஆனால் கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல. காது நரம்பில் வரும் கட்டி புற்றுநோய் இல்லாத கட்டி. அது மற்ற உறுப்புகளுக்குப் பரவாது.

இது என்ன கட்டி?

காதுக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது, மற்றது நம்மை விழாமல் நிறுத்துவது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் நரம்பின் உறையில்தான் கட்டி மெல்ல மெல்ல வளர்கிறது. வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வரும். ஒரு காது மந்தமாகும், இரையும், நடை தள்ளாடும். சிறிய கட்டியானால் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். பெரிதானால் ஆபரேஷன் அல்லது கதிர் சிகிச்சை.

எடுத்த பிறகும் ஏன் கஷ்டம்?

"கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் தள்ளாடுறே?" என்று வீட்டில் கேட்பார்கள். காது நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. கட்டியை எடுக்கும்போது அவை பாதிக்கப்படலாம். இது நோய் திரும்பி வந்ததன் அடையாளம் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

காது: ஒரு பக்கம் முழுவதும் கேட்காமல் போகலாம். அப்போது சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது. "குளவி!" என்று கத்தினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று புரியாது. இடது காது கேட்காதவரை நிரையின் இடது கோடியில் நிறுத்துங்கள். எல்லோரும் நல்ல காதுப் பக்கம் இருப்பார்கள். ஆபத்து என்றால் கையைப் பிடித்து இழுத்துப் போங்கள். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் "பெருமை புடிச்சவ" என்று பேசாதீர்கள். நல்ல காதில் ஊக்கு, இறகு விட்டுக் குடைய வேண்டாம். இரைச்சல் ராத்திரியில் அதிகமாகத் தோன்றும். ரேடியோவை மெல்ல வைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

நடை: மீதியுள்ள காது, கண், பாதம் மூன்றையும் வைத்து மூளை புதிதாக நடை பழகுகிறது. படுத்தே கிடந்தால் பழகாது. டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்து, வாசலில் துணையோடு நடக்க வேண்டும். இருட்டில் கண் உதவாததால் தள்ளாட்டம் கூடும். லயத்துப் படியிலும் கான் ஓரத்திலும் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. ஏணி, மரம் ஏறுவது, கூடையோடு செங்குத்தான மலையில் இறங்குவது வேண்டாம். லேசான வேலை கேட்க டாக்டரிடம் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டப்பகலில் தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்று கேலி செய்வது பாவம்.

முகம்: வாய் ஒரு பக்கம் கோணலாம். நரம்பு முழுவதும் அறுபடாமல் இருந்தால் சிலருக்கு மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் சென்று மெல்லத் திரும்பும்.

கண்: இதை மறக்கவே கூடாது. இமை சரியாக மூடாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகி, பார்வையே போகலாம். பகலில் டாக்டர் தந்த சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்ட வேண்டும். காற்றுக்கும் அடுப்புப் புகைக்கும் கண்ணாடி போடுங்கள். நாட்டு மருந்து, தாய்ப்பால் எதையும் விட வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

1. கண் சிவந்து வலித்தால், பார்வை மங்கினால்.
2. மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தண்ணீர் மாதிரி வடிந்தால்.
3. காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால்.

கட்டி சிலருக்கு மீண்டும் வளரலாம். அதனால் நல்லா இருக்கேன் என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. அட்டையையும் ஸ்கேன் படத்தையும் மழை படாமல் பத்திரமாக வையுங்கள்.

சகோதர சகோதரிகளே, காது கேட்காததும் தலை சுற்றுவதும் வெளியே தெரியாத காயங்கள். நல்ல காதுப் பக்கம் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். அதற்குக் காசு செலவில்லை.