டென்வர் மின்மிதிவண்டித் தள்ளுபடித் திட்டம்

டென்வர் மின்மிதிவண்டித் தள்ளுபடித் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில் வசிப்போர் மின்மிதிவண்டி வாங்குவதற்கு உதவும் பொருட்டு, அந்நகர நிர்வாகம் 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாள், புவி நாளன்று, தொடங்கிய நிதியுதவித் திட்டம் ஆகும். வருவாய் குறைந்தோருக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு தொகை ஒதுக்கியதும், அத்தொகையைக் கடையிலேயே விலையிலிருந்து கழித்துக் கொடுத்ததும் இதன் சிறப்பியல்புகள் ஆகும். பின்னர் வேறு பல இடங்களில் இத்தகைய திட்டங்களைப் பற்றிப் பேசும்போது டென்வர் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

பின்னணி

மின்மிதிவண்டி என்பது மின்கலத்தால் இயங்கும் சிறிய மின்னோடி பொருத்தப்பட்ட மிதிவண்டி ஆகும். அமெரிக்காவில் இதன் விலை பொதுவாக ஆயிரம் டாலருக்கு மேல் இருக்கும். உறுதியான சுமை ஏற்றும் வகைகள் பல ஆயிரம் டாலர் வரை விற்கப்படுகின்றன. ஒரு மகிழுந்தை வைத்திருக்க ஓராண்டில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. எனினும் மகிழுந்துக்குக் கடன் கிடைப்பது எளிது. மிதிவண்டிக்கு முழுப்பணமும் கையில் இருக்க வேண்டும். மகிழுந்து வைத்திருக்க இயலாதவர்களுக்கே மின்மிதிவண்டியின் பயன் மிகுதி. அதை வாங்க இயலாதவர்களும் பெரும்பாலும் அவர்களே.

2020 நவம்பரில் டென்வர் வாக்காளர்கள் விற்பனை வரியை 0.25 விழுக்காடு உயர்த்த ஒப்புதல் அளித்தனர். இது 100 டாலருக்கு 25 செண்ட் ஆகும். உணவு, மருத்துவப் பொருட்கள் போன்ற இன்றியமையாதவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்வரியினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 கோடி டாலர் திரளும் காலநிலைக் காப்பு நிதியம் உருவானது. தள்ளுபடித் திட்டத்துக்கான பணம் இந்நிதியத்திலிருந்தே வந்தது.

உதவித்தொகையும் வழங்கும் முறையும்

தொடக்கத்தில் நகரவாசி எவரும் 400 டாலர் தள்ளுபடி பெறலாம் என அறிவிக்கப்பட்டது. வருவாய் வரம்புக்குக் கீழ் இருந்தோருக்கு இது 1,200 டாலராக இருந்தது. சுமை ஏற்றும் மின்மிதிவண்டிக்கு மேலும் 500 டாலர் சேர்க்கப்பட்டதால், குறைந்த வருவாய்க் குடும்பம் ஒன்று 1,700 டாலர் வரை பெற முடிந்தது. குழந்தைகளைப் பள்ளியில் விடவும் வாரத்துக்கு வேண்டிய மளிகை வாங்கவும் உதவுவது இவ்வகை வண்டியே என்பதால் இக்கூடுதல் தொகை பொருளுடையது. விளையாட்டுக்கான சில மலைப்பாதை வண்டிகள் பின்னர் விலக்கப்பட்டன.

விண்ணப்பித்துத் தகுதி பெற்றவருக்குத் தள்ளுபடிச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த உள்ளூர் மிதிவண்டிக் கடையில் அதைக் கொடுத்தால் கடைக்காரர் விலையைக் குறைத்து விற்பார். கழித்த தொகையை நகர நிர்வாகத்திடம் பின்னர் பெற்றுக்கொள்வார். பணத்துக்காகக் காத்திருக்கும் சுமை இவ்வாறு வாங்குபவரிடமிருந்து கடைக்கு மாறியது.

இதன் சிறப்பை உணர மாற்று முறைகளைக் காணுதல் வேண்டும். முழு விலையையும் செலுத்திவிட்டுப் பற்றுச்சீட்டை அனுப்பினால் சில வாரங்களில் பணம் திரும்பும் என்பது ஒரு முறை. இதில் கையில் பணம் உள்ளவரே பங்கேற்க முடியும். வருமான வரியில் கழிவு தருவது இன்னொரு முறை. இதில் செலுத்த வேண்டிய வரி மிகக் குறைவாக உள்ளவருக்குக் கழிக்க எதுவும் இராது. 2021 இல் அமெரிக்கப் பேராயத்தில் கொண்டுவரப்பட்ட மின்மிதிவண்டிச் சட்டமுன்வரைவு விலையில் 30 விழுக்காடு, உச்சமாக 1,500 டாலர், வரிக்கழிவு தர முயன்றது, அது நிறைவேறவில்லை. 2022 இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் புதிய மின்மகிழுந்துக்கு 7,500 டாலர் வரை வரிக்கழிவு தந்தது, மின்மிதிவண்டிக்கு ஒன்றும் தரவில்லை. மகிழுந்துக்கான அக்கழிவும் 2025 செப்டம்பர் 30 உடன் முடிவுற்றது.

பயன்பாடு

முதலாண்டில் 4,734 பேர் சீட்டைப் பயன்படுத்தி வண்டி வாங்கினர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குறைந்த வருவாய்ப் பிரிவினர். அவர்களுக்கான தொகை மூன்று மடங்கு என்பதால் செலவான பணத்தின் பெரும்பகுதி அவர்களையே சென்றடைந்தது. நகர நிர்வாகம் நடத்திய கருத்தாய்வின்படி, பயனாளர்கள் வாரத்துக்குச் சராசரியாக 26 மைல் (ஏறத்தாழ 42 கிலோமீட்டர்) ஓட்டினர், வாரத்துக்கு 3.4 மகிழுந்துச் சுற்றுப்பயணங்களைத் தவிர்த்தனர். வருவாய் குறைந்தோர் மற்றவர்களைவிடக் கூடுதல் தொலைவு ஓட்டினர். இத்தகவல்கள் பயனாளர்கள் தாமே கூறியவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

குறைபாடுகள்

தேவை ஒதுக்கீட்டை எளிதில் விஞ்சியது. சில வாரங்களிலேயே விண்ணப்பம் நிறுத்தப்பட்டு, பிறகு சீட்டுகள் தவணை தவணையாக இணையத்தில் வெளியிடப்பட்டன. அவை சில நிமிடங்களில் தீர்ந்தன. குறித்த நேரத்தில் கணினி முன் அமர்ந்திருக்க முடிந்தவருக்கே சீட்டு கிட்டும் நிலையில், பணிமுறை மாற்ற இயலாத தொழிலாளியும் நல்ல இணைய இணைப்பு இல்லாதவரும் பின்தங்கினர். வருவாய் குறைந்தோருக்கெனத் தனி ஒதுக்கீடு இருந்தபோதிலும் இச்சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. 2023 இல் பொதுப்பிரிவின் தொகை 300 டாலராகக் குறைக்கப்பட்டது. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு சிக்கல்; அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் வாழ்பவர் இருபத்தைந்து முப்பது கிலோகிராம் வண்டியைப் படியேற்ற முடியாது, வெளியே விட்டால் திருட்டுப் போகும்.

பிற இடங்களில்

கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாவிலுள்ள சானிச்சு மாவட்டம் டென்வருக்கு முன்னரே, 2021 இல், வருவாய்க்கேற்ப 350, 800, 1,600 கனேடிய டாலர் என மூன்று படிநிலைகளில் உதவி வழங்கிச் சோதித்தது. உதவி இன்றேல் வாங்கியிருக்கவே மாட்டாதவர்கள் உயர்ந்த தொகைப் பிரிவில் மிகுதியாக இருந்தனர் என்பது அதை ஆராய்ந்த பிரிட்டிசு கொலம்பியா பல்கலைக்கழகத்தாரின் முடிவு. கொலராடோ மாநிலம் 2024 ஏப்ரலில் 450 டாலர் வரிக்கழிவைக் கொண்டுவந்தபோது, அதையும் கடைக்காரர் வழியாக உடனடித் தள்ளுபடியாகவே அமைத்தது.

கலிபோர்னியாவில் 2021 இலேயே 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டும், வருவாய் குறைந்தோருக்கான 2,000 டாலர் வரையிலான தள்ளுபடிக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டது 2024 டிசம்பர் 18 அன்றுதான். அன்று ஏறத்தாழ 1,500 சீட்டுகளுக்காக ஒரு இலட்சம் பேர் இணைய வரிசையில் காத்திருந்தனர்.