பட்டம் பெற்றவர் பாடம் கேட்பது

ஒரு வித்தையில் கொடிகட்டிப் பறந்தவர், மற்றொரு வித்தையின் வாசலில் மாணவராகப் போய் நின்றால் உலகம் நகைக்கிறது. 'இருந்த இடத்தில் ராஜாவாக இருந்திருக்கலாமே. இவருக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்கிறது. பூல் ஆட்டத்தில் பேரெடுத்தவர்கள் ஸ்நூக்கரைத் தொழிலாகக் கொள்ள முயலும்போது இந்தக் கேள்வி எழாமலிராது. இரண்டும் மேஜைமீது கோல்கொண்டு பந்தை உந்திப் பைக்குள் வீழ்த்தும் ஆட்டங்கள்தாமே, ஒன்றில் வல்லவருக்கு மற்றொன்று எம்மாத்திரம் என்று விவரமறியாதார் நினைப்பதும் உண்டு. நகைப்போரும் சரி, எளிதென்று எண்ணுவோரும் சரி, விஷயத்தை முழுதும் ஆராய்ந்தவர்களல்லர் என்பதே நமது கருத்து.

இரண்டும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பது மெய்தான். 1875-ம் வருஷம் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, பிரமிட் ஆட்டத்தின் பதினைந்து சிவப்புப் பந்துகளோடு, பூல் வகை ஆட்டங்களில் வழங்கிய வர்ணப் பந்துகளையும் கூட்டிப் புது ஆட்டம் ஒன்றை அமைத்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்தவர் வேறு, இவர் வேறு.) பிறகு அவர் சென்னை மாகாணத்துச் சேனாதிபதியின் பரிவாரத்தைச் சேர்ந்து உதகமண்டலம் வந்தார். அங்கே ஆங்கிலேயர் சங்கத்தில் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஆகவே, நமது நீலகிரிக் குளிரில் உருப்பெற்ற ஆட்டம் இது. இன்றோ அதன் அரசிருக்கை இங்கிலாந்திலுள்ள ஷெபீல்டு நகரம். உலகச் சாம்பியன் போட்டி 1977 முதல் அங்கேதான் நடைபெற்று வருகிறது.

குடும்பம் ஒன்றாயினும் குணம் வேறு. அமெரிக்கப் பூல் மேஜை 9 அடி நீளமும் நாலரை அடி அகலமும் உடையது. ஸ்நூக்கர் மேஜையோ 12 அடி நீளம், 6 அடி அகலம். பரப்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். ஸ்நூக்கர் பந்தின் விட்டம் ஐம்பத்திரண்டரை மில்லிமீட்டர். மேஜை பெருத்தது, பந்து சிறுத்தது, பையின் வாயும் குறுகியது. அதோடு நிற்கவில்லை. பூல் பையின் ஓரங்கள் நேராக வெட்டப்பட்டவை. சற்றே பிழைத்த பந்தையும் அவை உள்ளே தள்ளிவிடும். ஸ்நூக்கர் பையின் ஓரங்கள் வளைந்து உருண்டவை. சிறு பிழையைக்கூட மன்னியாமல் பந்தை வெளியே எறிந்துவிடும். பூல் துணி வழவழப்பானது. ஸ்நூக்கர் துணியிலோ மெல்லிய ரோமம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அதற்கு எதிராக மெல்ல ஓடும் பந்து வழி மாறும்.

இவற்றினும் பெரிய சங்கடம் ஆட்டக்காரரின் உடம்பிலேயே இருக்கிறது. பூல் கோலின் நுனி அகன்றது. அதைக்கொண்டு வெள்ளைப் பந்தைப் பக்கவாட்டில் சுழலச் செய்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்வதே பூல் ஆட்டக்காரரின் ஜீவ வித்தை. பெரிய மேஜையின் நீண்ட தூரத்தில் அந்தச் சுழற்சியே சத்துருவாகிறது. பந்து குறிவிட்டு விலகிப் போகிறது. பல்லாண்டுகள் அப்பியாசம் செய்து கைக்கு ஏற்றிய பழக்கத்தை, அதே கையைக்கொண்டு மறக்கவேண்டும். கற்பதைக் காட்டிலும் மறப்பது கடினம் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

மனத்துக்கும் சோதனை உண்டு. ஒன்பது பந்து பூலில் ஒன்பது பந்துகளை வரிசையாக வீழ்த்தினால் ஓர் ஆட்டம் முடிந்தது. ஸ்நூக்கரில் சிவப்பும் வர்ணமுமாக மாற்றி மாற்றி வீழ்த்தி மேஜையை ஒரே மூச்சில் காலி செய்யவேண்டுமானால், 36 முறை பந்து பைக்குள் விழவேண்டும். 147 என்ற உச்ச எண்ணிக்கை அவ்வாறு வருவதே. வாய்ப்பில்லாதபோது எதிரிக்கு வழியடைத்துவிட்டுப் பொறுமையோடு காத்திருக்கவும் தெரியவேண்டும்.

இரண்டிலும் வென்றவர் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இங்கிலாந்தின் மார்க் செல்பி 2006-ல் எட்டுப் பந்துப் பூலில் உலகச் சாம்பியனானார்; பின்னர் 2014, 2016, 2017, 2021 ஆகிய நான்கு வருஷங்களில் ஸ்நூக்கர் உலகப் பட்டத்தையும் அடைந்தார். ஆனால் அவர் 1999-லேயே ஸ்நூக்கரைத் தொழிலாகக் கொண்டவர். மேலும், அவர் வென்றது ஆங்கிலேயப் பூல். அதன் மேஜை சிறியதாயினும் பையின் வாய் ஸ்நூக்கரைப் போன்றே வளைந்தது. ஆறு முறை ஸ்நூக்கர் உலகச் சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ், 2002-ல் மாஸ்கோனி கோப்பையில் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லண்டைத் தோற்கடித்து ஐரோப்பாவுக்கு வெற்றி தேடித் தந்தார். அல்லிசன் பிஷர் என்ற மாதரசி ஸ்நூக்கரை விட்டு 1995-ல் அமெரிக்கா சென்று, பூல் உலகில் பட்டங்களைக் குவித்தார். இவர்கள் எல்லாரும் பெரிய மேஜையிலிருந்து சிறிய மேஜைக்கு வந்தவர்கள். அந்த வழியும் எல்லாருக்கும் பூப்பாதையன்று, 2019-ல் ஸ்நூக்கர் உலகச் சாம்பியனான ஜட் டிரம்ப் 2021-ல் அமெரிக்க ஓபன் பூல் போட்டியில் ஆடினார், பட்டம் கிட்டவில்லை. இறங்கும் வழியே இப்படியானால் ஏறும் வழியைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வித்தையின் தடைக்கு மேல் வயிற்றின் தடை ஒன்று. தொழில்முறை ஸ்நூக்கரில் நுழைய 2011 முதல் 'கியூ ஸ்கூல்' என்ற தகுதிப் போட்டி நடக்கிறது. கட்டணம் செலுத்திச் சேரவேண்டும். தேறியவருக்கு இரண்டு வருஷ இடம் கிடைக்கும். அந்த இரண்டு வருஷத்துக்குள் போதிய பரிசு சேர்த்து முதல் 64 பேருக்குள் வராவிட்டால் இடம் போகும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். உலகச் சாம்பியனுக்கு 2019 முதல் 5 லட்சம் பவுன் பரிசு என்பதை எல்லாரும் பேசுகிறார்கள். முதற் சுற்றிலேயே தோற்றவரின் ரயில் சத்தத்தையும் விடுதி வாடகையையும் பற்றிப் பேசுவோர் சிலரே. போட்டிகள் பெரும்பாலும் பிரிட்டனில் நடப்பதால் அந்நியர் அங்கேயே குடியிருக்கவேண்டிய நிர்ப்பந்தம் வேறு. பில்லியர்ட்ஸில் உலகப் புகழ் பெற்ற நம் பங்கஜ் அத்வானியே 2012-ல் இத்தொழிலுட் புகுந்து, நல்ல வெற்றிகளும் கண்டு, 2014-ல் தமது இடத்தைத் தாமே விட்டுத் தாய்நாடு திரும்பினார். திறமைக் குறைவால் திரும்பியவரல்லர் அவர் என்பதை யாவரும் அறிவர்.

ஆகையால் நாம் சொல்வது இரண்டு. முயலும் ஆட்டக்காரர் பழைய பட்டத்தை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகட்டும், குருவை நாடட்டும், சில வருஷத் தோல்விக்குச் சித்தமாக இருக்கட்டும். ஆட்டத்தை நிர்வகிப்போர் வாசலை இன்னும் அகலத் திறக்கட்டும். 2022-ல் ஆசிய நாட்டாருக்காகப் பாங்காக்கில் தகுதிப் போட்டி தொடங்கியது நல்ல காரியம். ஆட்டம் பிறந்த இந்தியாவிலும் அப்படி ஒரு வாசல் ஏற்பட்டால் என்ன?

இராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல்லே 'ஸ்நூக்கர்' என்பது. எளிய பந்தைத் தவறவிட்ட தோழரை அப்பெயரால் அழைத்த சேம்பர்லேன், அவர் மனம் நோகாதிருக்க, 'இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லாருமே புது ஆட்கள்தாமே' என்ற பொருள்பட ஆறுதல் கூறினாராம். அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. பட்டத்தை மறந்து பாடம் கேட்க வரும் பூல் வீரரைக் கண்டு நகைப்போர் இதை நினைவில் கொள்வார்களாக.