நூற்றுக்கு 34 என்றால் யாருடைய நூறு?



திருகோணமலை கப்பல்துறையில் குடியேறிவிட்ட சொந்தக்காரர் ஒருவர் திருவிழாவுக்கு வந்திருந்தார். எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "தோட்டத்தில வறுமை நூற்றுக்கு 34 என்கிறாங்களே, அப்படியென்றால் இலங்கையில் இருக்கிற ஏழைகளில் மூன்றிலொரு பங்கு நம்ம ஆட்கள்தானா?"

இல்லை. ஆனால் படித்த பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், வறியவர்கள் தோட்டத்தில் 33.8 வீதம், கிராமத்தில் 15 வீதம், நகரத்தில் 6 வீதம். இவை மூன்றும் மூன்று வேறு நூறுகள். இவற்றைக் கூட்டவும் கூடாது, கூட்டி மூன்றால் பிரிக்கவும் கூடாது. முதலில் எந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். 2012 குடிசன மதிப்பின்படி தோட்டத்தில் 4.4 வீதம், கிராமத்தில் 77.4 வீதம், நகரத்தில் 18.2 வீதம்.

இப்போது இலங்கையில் ஆயிரம் பேரைப் பிரட்டுக்கு நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தோட்டத்தவர் 44 பேர். அந்த 44இல் 33.8 வீதம் என்றால் கிட்டத்தட்ட 15 பேர். கிராமத்தவர் 774 பேர், அதில் 15 வீதம் 116 பேர். நகரத்தவர் 182 பேர், அதில் 6 வீதம் 11 பேர். இப்போது எல்லாம் ஒரே ஆயிரத்துக்குள் வந்துவிட்டது, தாராளமாகக் கூட்டலாம். மொத்தம் 142 ஏழைகள். திணைக்களம் சொன்ன நாட்டு வறுமை 14.3 வீதம், நமது கணக்கு 14.2. ஆள்தொகை 2012க்கு உரியது, வறுமை 2019க்கு உரியது, அதனால்தான் இந்தச் சின்ன வித்தியாசம்.

ஆக, தோட்டத்தவராகவும் ஏழையாகவும் இருப்பவர் ஆயிரத்துக்கு 15, அதாவது 1.5 வீதம். சொந்தக்காரர் கேட்டதற்குப் பதில் வேண்டுமென்றால் 15ஐ 142ஆல் பிரிக்கவேண்டும். நூற்றுக்குப் பத்தரை வருகிறது.

"ஒன்றரை வீதம்தானே, சின்ன விஷயம்" என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் 44ஐக் காட்டுங்கள். ஆள்தொகையில் நூற்றுக்கு 4.4 பேராக உள்ள நாம் வறுமையில் பத்தரைப் பங்கு சுமக்கிறோம், இரண்டு மடங்குக்கும் மேல். இதுவும் 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

இன்னொன்று. திணைக்களம் தோட்டம் என்று எடுப்பது, 20 ஏக்கருக்குக் குறையாமல், குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது உள்ள இடத்தைத்தான். லயத்தை விட்டுக் கப்பல்துறைக்குப் போன எமது சொந்தக்காரர் குடும்பம் அந்த 44இல் இல்லை. அவர்கள் 774இல் நிற்கிறார்கள்.