கடன் நெருக்கடியா? காசு வாங்காமல் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள்!

முன்னோடி வங்கி முதல் மக்கள் நீதிமன்றம் வரை... எங்கே போவது, என்ன கேட்பது?

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் அது நம் கையில் இல்லை. ஆனால், வாங்கிய கடன்களில் எதை முதலில் அடைப்பது, எதற்கு அவகாசம் கேட்பது என்ற கணக்கு நம் கையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரியாமல், வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வட்டியில்லாக் கடனைத் தவணை தாண்ட விட்ட குடும்பங்கள் ஏராளம்.

இந்தக் கணக்கை நம்மோடு உட்கார்ந்து போட்டுத் தரவும், வங்கிக்கு விண்ணப்பம் எழுதித் தரவும், வழக்கு என்றால் வக்கீல் வைத்துத் தரவும் அரசு ஏற்பாடுகள் இருக்கின்றன. இவை எல்லாமே இலவசம். இருந்தும், ‘நம்ம கஷ்டம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்’ என்று பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

முதல் கதவு: முன்னோடி வங்கி

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவை இந்தப் பொறுப்பில் இருக்கின்றன. அதன் மாவட்ட அதிகாரிதான் முன்னோடி வங்கி மேலாளர். நீங்கள் கடன் வாங்கியது வேறு வங்கியாக இருந்தாலும் இவரைப் பார்க்கலாம்.

முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகங்களில் நிதிசார் கல்வி மையம் அமைக்க வேண்டும் என்று 2012-ல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அங்குள்ள ஆலோசகர், கடன் சுமையில் இருப்பவர்களுக்குத் தனியாக உட்கார்ந்து வழி சொல்வார். இதுதவிர, தொண்டு நிறுவனங்கள் மூலம் வட்டார அளவில் நடக்கும் நிதிசார் கல்வி மையங்களும் 2017 முதல் இயங்கி வருகின்றன. உங்கள் வட்டாரத்துக்கான மையம் எது என்று வங்கிக் கிளையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சுலபமான இடம், மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். வங்கி, கூட்டுறவு, வேளாண்மை அதிகாரிகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

ஆதார், வங்கிப் பாஸ்புக், சிட்டா-அடங்கல் நகல், நகைக்கடன் ரசீதுகள், குழுக்கடன் அட்டை, வந்த நோட்டீஸ்கள், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவை போதும். கூடவே ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதிக்கொண்டு போங்கள். யாரிடம், எப்போது, எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு என்ற ஐந்து விவரமும் வேண்டும். மச்சானிடம் வாங்கிய கைமாற்று, உரக்கடை பாக்கி ஆகியவற்றையும் விடக் கூடாது. ஒரு கடனை மறைத்தால் முழுக் கணக்கும் தப்பாகிவிடும். வீட்டில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போவது நல்லது. ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதும் உண்டு.

கணக்கு எப்படிப் போடுவார்கள்?

இரண்டரை ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 80,000 ரூபாய். வங்கியில் 9 சதவிகித வட்டிக்கு நகைக்கடன் 1,00,000 ரூபாய். மனைவி பெயரில் குழுக்கடன் 50,000 ரூபாய். உள்ளூரில் ‘மூணு வட்டி’க்கு வாங்கியது 60,000 ரூபாய்.

பார்வைக்கு நகைக்கடன்தான் பெரிது. ஆனால், அதற்கு வருட வட்டி 9,000 ரூபாய்தான். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவிகிதம். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,800, வருடம் 21,600 ரூபாய். நான்கு கடனில் குடும்பத்தை அதிகம் அரிப்பது இதுதான்.

நெல் விற்று 90,000 ரூபாய் கைக்கு வந்ததும் உள்ளூர்க் கடனை முதலில் அடைக்கத்தான் மனம் சொல்லும். ஆனால், கூட்டுறவுப் பயிர்க்கடனைக் குறித்த தேதிக்குள் அடைத்தால் நமக்கு வட்டி கிடையாது. அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் கடன் வாங்கலாம். தேதி தாண்டினால் வட்டி நம் தலையில் விழும். புதுக் கடனும் தடைபடும். அப்புறம் சாகுபடிச் செலவுக்கு மறுபடியும் மூணு வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதனால் முதலில் பயிர்க்கடன், மீதி 10,000 ரூபாயில் குழுக்கடன் தவணைகள் என்று வரிசைப்படுத்துவார் ஆலோசகர்.

அடுத்து, அந்த 60,000 ரூபாயை வங்கிக் கடனாக மாற்ற முடியுமா என்று பார்ப்பார். தனியாரிடம் கடன்பட்டுத் தவிக்கும் விவசாயிகளுக்கு அதை அடைக்க வங்கி கொடுக்கும் கடனையும், ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடனாக ஏற்கிறது. இது பல விவசாயிகளுக்குத் தெரியாது. 12 சதவிகித வட்டியில் கிடைத்தால்கூட வருட வட்டி 7,200 ரூபாய்தான். மாதம் 1,200 ரூபாய் மிச்சம். 2025 ஜனவரி முதல், 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்த பகுதி என்றால், பயிர்க்கடன் தவணையை மாற்றியமைத்து அவகாசம் தர வங்கிக்கு வழி இருக்கிறது. அதற்கு நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆலோசகரால் முடியாதது

ஆலோசகர் கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டார். பணம் தர மாட்டார். ‘இவருக்குக் கடன் கொடு’ என்று வங்கிக்கு உத்தரவு போடவும் அவருக்கு அதிகாரம் இல்லை. வங்கி சொல்லும் ‘ஒரே தவணையில் தீர்வு’ நமக்கு லாபமா என்று கணக்குப் போட்டுச் சொல்வார். அப்படிக் குறைத்துக் கட்டிக் கணக்கை முடித்தால், அது சிபில் அறிக்கையில் பதிவாகி, பிற்காலத்தில் கடன் வாங்கும்போது இடைஞ்சலாகலாம். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சிபில் அறிக்கையை வருடம் ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம்.

வக்கீலும் இலவசம்

நோட்டீஸ் வந்துவிட்டது, வழக்கு நடக்கிறது என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களையும் இதே பட்டியலில் சட்டம் சேர்த்திருக்கிறது. மற்றவர்கள் அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குள் இருந்தால் போதும். 15100 என்ற எண்ணில் பேசினால் விவரம் சொல்வார்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ தவறு செய்தால்

முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் கட்டணம் இல்லை; வக்கீலும் தேவையில்லை. தகவல் எண் 14448. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் வராது. அதற்கு, மாவட்டக் கூட்டுறவுச் சங்கங்களின் இணைப்பதிவாளரிடம் மனு கொடுக்க வேண்டும்.

இவர்களிடம் ஏமாறாதீர்கள்

‘உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று போனில் பேசுபவர்களை நம்ப வேண்டாம். மேலே சொன்ன எந்த இடத்திலும் ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஓ.டி.பி. கேட்டாலும், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

‘‘மனைவி பெயரில் உள்ள குழுக்கடன் தவணை ஒரு வாரம் தவறியதற்கு, வசூலிப்பவர் இரவு வரை வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இதைக் கேட்க முடியாதா?’’

தாராளமாகக் கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதிகளின்படி, நுண்கடன் வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அந்த இடத்துக்கு வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும், மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவதும், உறவினர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் தவறு. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துத்தான் நுண்கடனே கொடுக்க வேண்டும். தேதி, நேரம், வந்தவர் பெயரைக் குறித்துவைத்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள்.

‘‘மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. போனால் பிடித்து வைத்துவிடுவார்களா?’’

பயப்பட வேண்டாம். அது சமரசம் பேசும் இடம். அவசியம் போங்கள். வட்டியைக் குறைக்கவும் தவணை பிரிக்கவும் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் ‘முடியாது’ என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால், ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால், நிச்சயம் கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

‘‘வங்கிக் கடனுக்காக நிலத்தை உடனே ஏலம் விடுவார்களா?’’

கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ம் ஆண்டின் ‘சர்ஃபாசி’ சட்டத்தில், விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால், வங்கி முறைப்படி வழக்குப் போட முடியும். எனவே நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள்.

‘‘வட்டிக்காரர் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்...’’

கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி ஆகியவற்றைத் தடைசெய்யும் தமிழ்நாடு சட்டம் 2003 முதல் அமலில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக 2025-ல் சட்டமன்றம் தனிச் சட்டமும் கொண்டுவந்துள்ளது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை என்றால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் ஆட்சியரிடமும் மனு கொடுங்கள். இதுவரை கட்டிய தொகைக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இனி கட்டுவதை வங்கிக் கணக்கு வழியாகக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கடன் நெருக்கடியில் வீட்டில் யாராவது தூக்கம் இல்லாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, ‘நான் இல்லாவிட்டால் சரியாகிவிடும்’ என்பதுபோல் பேசினால் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், அதுவும் இலவசம்தான். கடனுக்குத் தவணை கேட்கலாம், வட்டியைக் குறைக்கக் கேட்கலாம், வழக்கையும் சந்திக்கலாம். இன்று இரவே அந்த நோட்டை எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து கடன் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். நாளை காலை வங்கி திறக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடலாம்.